சாமான் யாரு பாக்குறது?

நீலாவதியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ முந்தானையைப் பத்திச் சொல்லணும். புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துல நாங்க பால்மரம் வெட்டிக்கிட்டிருந்த காலம். வருசத்துக்கு ஒருதடவை லோரி புடிச்சி போர்ட்டிக்சன் கடலுக்குப் போவோம், சுருக்கமா பிடின்னுதான் சொல்லுவோம். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி பொம்பளைங்க தோடு, சங்கிலியெல்லாம் கழட்டி நீலாகிட்ட குடுத்துடுவோம். அவ முந்தானையில முடிஞ்சி, ஊக்கு குத்தி, இடுப்புல சொருகிக்கிட்டு, மரத்தடியில கறிச்சட்டிக்குக் காவலா உக்காந்திருப்பா. ஒரு திருகாணிகூடத் தொலைஞ்சதில்ல. "நீலாகிட்ட குடுத்தா பேங்க்ல போட்ட மாதிரி"ன்னு எங்க கூட்டாளி தனலெட்சுமி பெருமையா சொல்லுவா.

என்ன காலம் அது! போகும்போது லோரி பூரா பாட்டு, வரும்போது எல்லார் தலையிலயும் மண்ணு. இப்ப நினைச்சாலும் நெஞ்சு நிறைஞ்சிபோகுது.

அப்புறம் தோட்டத்தை வித்துட்டாங்க. நாங்க இப்ப ராசா டவுன்ல ஆளுக்கொரு தெருவுல இருக்கோம். போன ஆகஸ்ட்டு, வெயில் மண்டையைப் பொளக்குது. என் வீட்டுல டீ குடிச்சிக்கிட்டே, பழையபடி பிடி போகலாம்னு திட்டம் போட்டோம். வேன் தனலெட்சுமியோட தம்பி புனிதனோடது. மீகூன் யாரு பெரட்டுறது, சம்பல் யாரு அரைக்கிறதுன்னு சண்டை நடக்குது. நடுவுல நீலா கேக்குறா:

"ஏன் ஃபிளோரா, கடல்ல இறங்குனா தண்ணி சில்லுன்னு இருக்குமா, சூடா இருக்குமா?"

நான் டீ கிளாஸைக் கீழ வச்சேன்.

"ஏண்டி, நீ இறங்குனதே இல்லையா?"

"நான் எங்கடி இறங்குறது? சாமான் யாரு பாக்குறது?"

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. அங்கேயே சட்டம் போட்டேன். யாரும் சமைக்கக் கூடாது, கடையில வாங்கிக்கலாம். யாரும் நகை போடக் கூடாது. போன், பர்ஸ் எல்லாம் வேன்ல பூட்டி, புனிதன் அதுக்குள்ளேயே தூங்கட்டும். "இவ காவல் காக்க ஒண்ணுமே இருக்கக் கூடாதுலா!"

நீலாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "அப்ப நான் எதுக்கு வரணும்?"

"குளிக்க வாடி!"

"இந்த வயசுல என்னைத் தண்ணியில தள்ளிச் சிரிக்கப் பாக்குறியா?" செருப்பை மாட்டிக்கிட்டுப் போயே போயிட்டா.

அதுக்கப்புறம் போன் அடிச்சாலும் எடுக்கல. எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். தீபாவளி முடிஞ்சதும் மகன் வீட்டோட ஈப்போவுக்குப் போறா. முட்டிவலி வேற. இந்தத் தடவை விட்டா அவ கடல்ல இறங்கவே போறதில்ல.

சனிக்கிழமை வேன் போறப்ப தெருமுனையில நிக்கிறா. கையில பை இல்ல. கழுத்துல மட்டும் அவங்கம்மா போட்ட சங்கிலி. நான் அதைப் பாக்குறதைப் பாத்து, "இதைக் கழட்டுனதே இல்ல, சும்மா இரு"ன்னு முறைச்சா. வந்தாளே, அது போதும்னு வாயை மூடிக்கிட்டேன்.

கடலைப் பாத்ததும் தனலெட்சுமி சின்னப்புள்ளை கணக்கா ஓடிட்டா. இவ நேரா மரத்தடிக்குப் போயி, எங்க செருப்பையெல்லாம் பொறுக்கி வரிசையா அடுக்குறா. எனக்கு வந்துச்சே ஆத்திரம்!

"இந்தப் பிஞ்ச செருப்பை எவன்டி தூக்கிட்டுப் போகப்போறான்?"

அவ கடைசிச் செருப்பையும் அடுக்கி முடிச்சா. கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் ரெண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோயி, கொக்கியைக் கழட்டி, சங்கிலியை என் உள்ளங்கையில வச்சி மூடுனா.

"அலையில போயிடும்டி. நீ வச்சிக்க. எங்கயும் எழுந்து போயிடாத."

தண்ணின்னா எனக்கு உயிரு. குளிக்கிறதுக்குன்னே புது டீசட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தேன். ஆனாலும் உக்காந்துட்டேன்.

சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தனலெட்சுமி கையைப் புடிச்சிக்கிட்டு அவ போறா. முழங்கால் வரைக்கும் போனா, இடுப்பு வரைக்கும் போனா. ஒரு அலை வந்து ஆளையே முக்கிடுச்சு. எனக்குப் பகீர்னுச்சு. எழுந்தவ தலைமுடியை ஒதுக்கிக்கிட்டு, மரத்தடியில என்னைத் தேடி, கையைத் தூக்கிக் கத்துனா:

"அடியே ஃபிளோரா, சூடா இருக்குடி!"

நான் அழுதுட்டேன். கண்ணைத் துடைக்கக்கூட அந்தக் கையைத் திறக்கல.