பினாயில் போட்டுக் கழுவிய டப்பா

முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று மலம் கேட்பதுதான் என் தொழில். காலிங்பெல் அடித்துப் பிழைக்கும் சகோதரர்களே, மீட்டர் பார்ப்பவர்களே, சர்வே எடுப்பவர்களே, உங்களுக்குக் கதவாவது திறக்கும்.

நாளிதழில் முப்பது வருடம் நிருபராக இருந்துவிட்டு, தாம்பரம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் மாதிரி சேகரிக்கச் சேர்ந்தேன். குடல்நோய் தரும் பாக்டீரியாக்களை வைரஸ்கள் எப்படி மாற்றுகின்றன என்பது அங்கே ஆராய்ச்சி. நம்மைப் பிடிக்கும் வைரஸ் அல்ல, பாக்டீரியாவையே பிடிக்கும் வைரஸ்.

தப்பித்த நாலு புள்ளி

முதல் வேலை, திருநீர்மலைக்குப் போகும் வழியில் ஒரு கால்வாயில் தண்ணீர் மொண்டு வந்தது. அதை வடிகட்டி, பாக்டீரியா படர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டார் எங்கள் ஆராய்ச்சியாளர் மாலதி மேடம். மறுநாள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கால்வாயிலிருந்த வைரஸ் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. நடுவில் மட்டும் கடுகளவில் நாலு புள்ளிகள். வைரஸ் தொற்றி ஏறும் கொக்கியைத் தங்கள் மேல்தோலிலிருந்தே உதறிவிட்டுப் பிழைத்த பாக்டீரியாக்கள்.

“அப்ப பாக்டீரியா ஜெயிச்சிடுச்சா மேடம்?” என்றேன்.

“அந்தக் கொக்கி அதுக்கும் வேணும் சார். உயிர் தப்பிச்சிருக்கு, ஆனா குடல்ல போய் முன்ன மாதிரி ஆட்டம் போட முடியுமான்னு பார்க்கணும்.”

நடுவில் செருகிய வரி

மழைக்குப் பின் கோவிலம்பாக்கத்தில் ஒரு தெருவில் ரத்தபேதி. நோயாளிகளிடம் கிடைத்தது ஈ.கோலை என்ற பாக்டீரியா. எல்லோர் குடலிலும் சாதுவாக இருக்கும் ஜாதிதான். ஆனால் இதற்குள் ஒரு வைரஸ் புகுந்து, கொல்லாமல் அங்கேயே தங்கி, நஞ்சு செய்யும் மரபணுவைக் கொடுத்திருந்தது. அச்சுக்குப் போகும் பக்கத்தில் யாரோ ஒரு வரியைச் செருகிவிட்டால் அத்தனை பிரதியிலும் அது வரும் அல்லவா, அப்படித்தான்.

தெரு இவ்வளவுக்குக் காத்திருக்கவில்லை. முனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் எஸ்தர் அம்மாதான் காரணம் என்று முடிவாகிவிட்டது. ஆறு நாளாக அவர் அடுப்பு பற்றவில்லை. எதிர் அபார்ட்மென்ட் கோபால் சார் என்னைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

“டெஸ்ட் கிஸ்டெல்லாம் எதுக்கு சார், அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தாலே தெரியலையா?”

கிருமியே இல்லாத வயிறு

எஸ்தர் அம்மாவே கூப்பிட்டு, “என்னையும் டெஸ்ட் பண்ணு சார்” என்றார். மறுநாள் டப்பாவை மல்லிகைப்பூ மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். தட்டில் எதுவுமே முளைக்கவில்லை.

“மனுஷக் குடல்ல ஒரு பாக்டீரியாகூட இல்லாம இருக்காது சார். இதை வெச்சு அவங்களை நல்லவங்கன்னும் சொல்ல முடியாது, கெட்டவங்கன்னும் சொல்ல முடியாது” என்றார் மாலதி மேடம்.

எஸ்தர் அம்மாவிடம் திரும்பிப் போனேன். “இன்னா சார், மறுபடியும் வந்துகினு கீற?” விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. டப்பாவைப் பினாயில் போட்டு இரண்டு தரம் கழுவி, ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று உள்ளேயும் நாலு சொட்டு விட்டிருக்கிறார். இந்தத் தடவை அழுக்காகவே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஊரே என்னை அழுக்குன்னு சொல்லிக்கினு கீது, நீயும் அழுக்காவே குடுன்னு கேக்குறியே சார்!”

மெனுவுக்குப் பக்கத்தில்

கொடுத்தார். தட்டு நிறைய ஈ.கோலை. மூன்று நாள் சோதனை. எதிலும் நஞ்சு மரபணு இல்லை. சாது ஜாதி. ‘இட்லிக் கடை நிரபராதி’ என்று எனக்குள் தலைப்பு ஓடியது. மாலதி மேடம் தடுத்தார். நோய் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது, இவரிடம் அந்தக் கிருமி இந்தப் பரிசோதனையில் கிடைக்கவில்லை, அதை மட்டும் எழுதுங்கள் என்றார். ஒரே வரி எழுதி, மேடம் கையெழுத்துடன் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எஸ்தர் அம்மா அதை லாமினேட் செய்து, கடைச் சுவரில் மெனு போர்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். ‘மலப் பரிசோதனை’ என்ற சொல் பூரிக்கு நேராக வந்தது. சாப்பிடும் இடத்தில் வேண்டாம் அம்மா என்றேன்.

“அவுங்க தெருவுல நின்னு சொன்னாங்க. நான் என் செவுத்துல சொல்றேன்.”

அடுப்பைப் பற்ற வைத்தார். முதல் ஈட்டு இட்லிக்கு நான் ஒருவன்தான். இரண்டாவது ஈடு வேகும்போது கோபால் சார் வந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியை முழுசாகப் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நாலு இட்லி. சட்னி கெட்டியா வைங்கம்மா.”

முப்பது வருடம் எழுதியதில், ஒருவரை உட்கார்ந்து சாப்பிட வைத்த என் ஒரே செய்தி மலத்தைப் பற்றியது.