உயிரோடு இருந்தவருக்குத் திறந்த கடை

எங்கள் கரடிக்கு இருபத்து நான்கு வயது. கடிகாரம் பழுதுபார்க்கும் கார்ட்டூன் கரடி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கதை. குழந்தைகள் கரடியைப் பார்க்கிறார்கள். வளர்ந்தவர்கள் கரடிக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறார்கள். அதில் நாங்கள் எதையாவது ஒளித்து வைத்திருப்போம்: ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் வளைந்த மாடிப்படி, மறந்துபோன பாடகியின் ஒற்றைக் காதணி, ஏதோ ஒரு கோல்கீப்பரின் சட்டை எண். படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, கண்டுபிடித்ததையெல்லாம் பட்டியல் போடுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. வேலைவெட்டி இல்லாத கூட்டம். அவர்கள் இல்லையென்றால் எங்களுக்கும் வேலை இருக்காது.

அந்தச் சுவர்களை இருபத்திரண்டு வருடம் வரைந்தவர் சுவர் அண்ணன். சுவர் வரைவதால் மட்டும் வந்த பெயர் அல்ல. அவரிடம் பேசினாலும் சுவரிடம் பேசுவது போலத்தான். எந்தச் சுவரை வரைந்தாலும் இடது மூலையில் ஈரம் கசிந்த கறை ஒன்றை வைப்பார். அதுதான் அவர் கையெழுத்து. அடுத்த மேஜைக்காரன் வரைந்த மேகம் பிடிக்காவிட்டால் கேட்காமலே அழித்துவிடுவார். அந்த அடுத்த மேஜைக்காரன் நான்.

மகள் சின்னவளாக இருந்தபோது வீட்டுச் சாமான் ஒன்றை வாராவாரம் கதைக்குள் ஒளிப்பார். காது உடைந்த கோப்பை, அவளுடைய சிவப்பு மழை பூட்ஸ். அவள் டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்று, "கண்டுபிடிச்சுட்டேன்பா!" என்று கத்துவாள். அப்பாவும் பெண்ணும் பேசிக்கொண்டதே அவ்வளவுதான் என்று அண்ணி சொல்வார்.

அண்ணி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த அன்று மகள் மூன்று முறை ஸ்டுடியோவுக்கு போன் செய்தாள். மூன்று முறையும் "அரை மணி நேரம்மா" என்றார். கடைசிக் காட்சிக்கு ஒரு சூரிய அஸ்தமனம் பாக்கி இருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டிருந்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து, கரடிக் கதையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணியின் தையல் மிஷின் வந்தது. நாங்கள் வரைந்தது ஒளிபரப்பாக ஐந்து வாரம் ஆகும் என்பது மகளுக்குத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தாள். அம்மா போன மறுநாளே வரைந்திருக்கிறார்.

"அம்மாவைப் பார்க்க வர நேரமில்ல. அம்மா மிஷினை வரைய நேரம் இருந்துச்சா?"

"அது அம்மாவுக்காகத்தாம்மா."

"அம்மா டிவி பார்த்துக்கிட்டா இருக்கா?"

பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய், ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதன் பிறகு இவருடைய போனை எடுக்கவில்லை, நம்பரையும் மாற்றிவிட்டாள். மனிதர் திருந்தினாரா? இல்லை. ஆறு வருடம் அவளுக்காகவே ஒளித்தார். அவளுடைய மஞ்சள் குடை, ஹேர்கிளிப், ஓரம் உடைந்த சிலேட்டு. "பார்க்கிறாளோ என்னவோ" என்று பென்சிலைச் சீவிக்கொண்டே சொல்வார். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரே ஒரு போன் வர வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யாராவது இறந்துபோனால், கரடி வாழும் ஊரின் கடைத்தெருவில் அவருக்கு ஒரு கடை திறப்போம். பலகையில் அவர் பெயர், கதவு எண்ணாகப் பிறந்த வருடமும் இறந்த வருடமும். பட்டியல் போடுகிற கூட்டத்துக்கு இது மனப்பாடம். புதிதாகக் கடை வந்தால் உலகமே அழும்.

போன வருடம் அண்ணனுக்கு நுரையீரலில் சீழ் கட்டியது. "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார் டாக்டர். மகளுக்குச் சொல்ல எங்களிடம் நம்பர் இல்லை. அன்று மாலை கடைத்தெருக் காட்சி ஒன்றை அனுப்ப வேண்டியிருந்தது. அதை விட்டால் அடுத்த கடைத்தெருவுக்கு எட்டு மாதம். யாரும் சொல்லவில்லை, நானாகவே கடையைத் திறந்தேன். அன்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவருடைய ஜன்னலோர மேஜைமேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அவர் பாணியிலேயே வரைந்து, இடது மூலையில் ஈரக்கறையையும் வைத்தேன். அவரே வரைந்தது போல இருந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒன்பதாம் நாள் மனிதர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். காட்சி கைமாறிப் போய்விட்டிருந்தது. திருப்பி வாங்க வேண்டுமென்றால், உயிரோடு இருப்பவரை நான் சாகடித்துவிட்டேன் என்று மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்களைத் தள்ளினேன். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மருந்து கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பனியனோடு உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தால் மகள். கலைந்த தலை, வீங்கிய கண், கையில் ஒரு பை.

அவரைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். அவர் கையில் ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தை அவரிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. பிறகு விலகி நின்று கேட்டாள்.

"அப்ப அந்தக் கடை?"

"என்ன கடைம்மா?"

போனை நீட்டினாள். தன் பெயரைப் பார்த்தார். வருடத்தைப் பார்த்தார். கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர், அவரைப் போன்ற மடையர் உலகத்தில் கிடையாது, முகமெல்லாம் மலரச் சிரித்தார்.

"அப்ப நீ வாராவாரம் பார்க்கிறியாம்மா!"

அந்தச் சிரிப்புதான் அவரைக் கெடுத்தது.

"எல்லாத்தையும் பார்த்தேன்," என்றாள். "குடை, கிளிப்பு, சிலேட்டு, ஒண்ணு விடாம. என்னைக்காவது வெறும் காகிதத்துல மன்னிச்சுக்கோன்னு ரெண்டு வரி எழுத மாட்டீங்களான்னு பார்த்தேன். செத்து அஞ்சு வாரம் ஆச்சு, யாருமே சொல்லலியேன்னு வழியெல்லாம் அழுதுகிட்டு வரேன். கடைசியில சாவையும் படமா வரைஞ்சுதான் கூப்பிடுவீங்களா?"

"நான் வரையலம்மா."

"உங்க கறை எனக்குத் தெரியாதா?"

ஆஸ்பத்திரிச் சீட்டு மேஜைமேல்தான் கிடந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் போதும். அவருக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. நான்தான் வரைந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அண்ணன் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"கறை நல்லா வந்திருக்குடா," என்றார்.

என்னிடம் அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பினார், சுவர்களை வரைந்தார், எதையும் ஒளிக்கவில்லை. கரடி முன்னே மாதிரி இல்லை என்று கூட்டம் குறைப்பட்டுக்கொண்டது. பதினோரு மாதம் கழித்து ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இந்த முறை டாக்டர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பல் ஆஸ்பத்திரிகளாக விசாரித்து அவள் நம்பரைப் பிடித்தேன். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டாள்.

"மாமா பேசறேம்மா. அப்பா இறந்துட்டாரு."



"இந்தத் தடவை என்ன கடை மாமா?"

"ஐயோ, நிஜமாத்தான்மா. அன்னைக்கு அதை வரைஞ்சது அப்பா இல்ல, நான்தான்..."

முழுவதையும் சொல்லி முடித்தேன். ஏழு வருடத்தையும் சேர்த்து, மேஜைமேல் இருந்த கண்ணையும் மறைக்காமல், அழுதுகொண்டே சொன்னேன். பதில் வராததால் போனைப் பார்த்தேன். முதல் வரியிலேயே வைத்துவிட்டிருக்கிறாள். மறுபடி அடித்தேன்; அணைத்து வைத்திருந்தாள். பல் ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். "இந்த நம்பர்லேர்ந்து வந்தா குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

அண்ணனின் உடலை மாலை நாலு மணி வரை வைத்திருந்தோம். பிறகு எடுத்துவிட்டோம்.