அத்தார் வீட்டு அழுகை

எகிப்தின் தன்தா நகரில் இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் பஸ்யூனியின் மருந்தில் தூங்கி வளர்ந்தவர்கள். இதை அவரே கூசாமல் சொல்லிக்கொள்வார். பெரிய மசூதிக்குப் பின்னால் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் என்பதால் ஊருக்கு அவர் அத்தார். சோம்பும் சீமைச்சாமந்திப் பூவும் கலந்த அவருடைய பொட்டணத்துக்காகக் கைக்குழந்தைக்காரிகள் காலையிலேயே வந்து நிற்பார்கள்.

"அத்தாரே, இந்தப் பய ராத்திரி பூரா கத்துறான். மேல்மாடிக்காரி நேத்து செருப்பத் தூக்கிட்டு வந்துட்டா!"

"ரெண்டு பொட்டணமா வாங்கிக்க. ஒண்ண அவளுக்குக் காய்ச்சிக் குடு, மொதல்ல அவ தூங்கட்டும்."

இப்படிப் பேசியே வியாபாரத்தை வளர்த்த மனிதர். பேச்சில் பாதி பெருமை. ஊர்க் குழந்தைகளையெல்லாம் தூங்கவைத்தவருக்குச் சொந்தமாக ஒன்று பிறக்க ஒன்பது வருஷம் ஆனது. பெண் குழந்தை. அமானி என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் நாள் சடங்கில் குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, காதருகே பித்தளை உரலை இடித்து, பெண்கள் வழக்கம்போல் கூவினார்கள்: "அம்மா பேச்சக் கேளு! அப்பன் பேச்சக் கேக்காத!" எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் பஸ்யூனிதான்.

அமானிக்கு எட்டாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். சற்று நேரம் ஓய்வாள், மறுபடி வீறிடுவாள். மனைவி நஜாத் சால்வையைப் போர்த்திக்கொண்டு குழந்தையோடு வாசற்கதவு வரை வந்துவிட்டாள்.

"இது பசி அழுகை இல்ல, பஸ்யூனி. பாரு, முழங்கால நெஞ்சுக்கு இழுக்குறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"ஆஸ்பத்திரிக்கா? அத்தார் மகளையா? அழுகைய நிறுத்த டாக்டர்கிட்டப் போனான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். வாயுதான். குடு இப்படி."

நஜாத் தயங்கினாள். அவர் கை நீட்டியபடியே நின்றார். குழந்தையைக் கொடுத்துவிட்டாள்.

சோம்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், நிற்கவில்லை. பூவைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார், அதைக் குழந்தை பச்சை நிறமாகக் கக்கியது. அப்போதாவது அந்த மனிதருக்குப் புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. கடைக்கு இறங்கி மேல் இழுப்பறையைத் திறந்தார். அதில் அபின் எடுக்கிற கசகசாக் காயின் உலர்ந்த ஓடுகள் இருந்தன. தூக்கத்தின் அப்பன் என்று ஊரில் அதற்குப் பெயர். கைக்குழந்தைக்கு அதைக் கேட்டு வருகிறவளை, "பெத்தவளா நீ?" என்று ஏசி விரட்டுகிறவர் அவர். அன்று தன் குழந்தைக்கு அதையே ஊறவைத்துப் புகட்டினார்.

மத்தியானத்துக்குள் அமானி அடங்கிவிட்டாள். பஸ்யூனி மீசையைத் தடவிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் கதை சொன்னார். "என்னா கத்து கத்துனா தெரியுமா? ஒரே டம்ளர். இப்ப வந்து பாரு, மகாராணி தூக்கம்!"

நஜாத் மட்டும் குழந்தையின் பக்கத்தைவிட்டு அசையவில்லை. "இவ்வளவு நேரமா தூங்குவா?" என்று இரண்டு முறை கேட்டாள். "அழுதாலும் குத்தம், தூங்குனாலும் குத்தமா?" என்று சிரித்தார்.

புதன்கிழமை விடிந்தபோது குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. துணியில் ரத்தம். எழுப்பினால் கண் திறக்கவில்லை. பஸ்யூனி செருப்புக்கூடப் போடாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் இளவயதுக்காரர். குழந்தையின் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறியது. குடலுக்குள் குடல் சொருகிக்கொண்டது என்றார். "நேத்து அழுதிருக்குமே. கால இழுத்து இழுத்து அழுதிருக்குமே. அப்பவே ஏன் கொண்டுவரல? என்ன குடுத்தீங்க?"

அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று பிற்பகலே அடக்கம் செய்தார்கள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் விவரம் தெரியாமல், "எங்க பிள்ளைகளயெல்லாம் தூங்கவச்ச கைக்கா இப்படி?" என்று புலம்பினார்கள். ஒவ்வொரு முறையும் பஸ்யூனி எழுந்து வெளியே போனார். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

நாற்பது நாள் கழிந்தது. கடை திறக்கவில்லை. நஜாத் ஒவ்வொரு நாளும் மாலைத் தொழுகைக்கு முன்னால் சுவரோடு சாய்ந்து அழ ஆரம்பிப்பாள். பஸ்யூனி மாடிக்கு ஓடிவிடுவார். ஒரு நாள் தாங்கமாட்டாமல் அடுப்படிக்குப் போய்ச் சோம்பு கொதிக்கவைத்து, சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"கொஞ்சம் குடி. கண்ணசருவ."

நஜாத் டம்ளரைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அவ அழுகைய நிறுத்திட்ட. என் அழுகையையாவது விட்டுடு, பஸ்யூனி."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். அன்று மாடிக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழுதுகொண்டே ஏதோ முனகுவது கேட்டது. அவள் சபிப்பது தன்னைத்தான் என்று நினைத்து, பஸ்யூனி குனிந்து காதுகொடுத்தார்.

"கதவு வரைக்கும் வந்தேனே... ஏன் குடுத்தேன்... கை நீட்டுனா உடனே குடுத்துடுவேனா..."