ராஜாளிக்குத் தெரிந்த சட்டை

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆந்திர எல்லைப் புத்தூர் காஞ்சனாவுக்குச் சொந்தபந்தம் எதுவும் கிடையாது. வாரம் முழுக்க ஸ்ரீ சிட்டி கம்பெனி கேண்டீனில் ஊரார் வயிற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு, அன்று விடிந்ததும் கேமராவை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஸ்கூட்டியை விரட்டிவிடுவாள். அங்கே பாறை இடுக்கில் ஒரு ராஜாளிக் கழுகு ஜோடி கூடு கட்டியிருந்தது.

போட்டுக்கொள்வது எப்போதும் புருஷனுடைய வெளுத்த பச்சைச் சட்டை. உட்காருவது அதே வேப்பமரத்தடி. இந்தச் சட்டையால் தொந்தரவில்லை என்று அந்தப் பறவைகள் நம்புவதற்கு மூன்று வருஷம் பிடித்தது. இப்போது அவள் தலைக்கு மேலேயே இரையைக் கொண்டுபோகும்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், கொழுந்தன் ஹரிபிரசாத் புதுக் கேமராவோடு அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். வெட்டவெளியில் ஒரு கோழிக்குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. அதன் காலில் தூண்டில் நரம்பு; மறுமுனை ஒரு கல்லில்.

"அவுத்து வுடு."

"இருங்க அண்ணி. கழுகு மூஞ்சிக்கு நேரா எறங்கற மாதிரி ஒரு போட்டோ. அவ்ளோதான்."

"நரம்பு கழுகு கால்ல சுத்திக்கும்டா. எங்கனா மரத்துல மாட்டிக்கினு தொங்கும். கூட்டுல குஞ்சு கீது."

"ஒரு கோழிக்கு இவ்ளோவா? நீங்க துன்றதில்லியா?"

"துன்றேன். கட்டிப்போட்டு வேடிக்க பாக்கறதில்ல."

அதற்குள் பாறையிலிருந்து ராஜாளி கிளம்பிவிட்டது. சிறகை மடக்கிக்கொண்டு நேரே கோழிக்குஞ்சை நோக்கி விழுந்தது.

மூன்று வருஷம் விரலைக்கூட அசைக்காதவள் எழுந்து ஓடினாள். கையை வீசினாள், கத்தினாள், கையில் அகப்பட்ட கல்லையெல்லாம் எடுத்து எறிந்தாள். குஞ்சுக்கு ஓர் ஆள் உயரம் மேலே கழுகு சிறகை உதறிக்கொண்டு திரும்பி, மலைக்குப் பின்னால் போயிற்று.

"ஏமி அண்ணி இது? எல்லாம் பாழாப்போச்சே."

பல்லால் நரம்பைக் கடித்து அறுத்து, குஞ்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு, ஸ்கூட்டி வேப்பமரத்துக்கு வருவதற்குள்ளேயே இரண்டு ராஜாளிகளும் அந்தப் பச்சைச் சட்டையைக் கண்டு அலறிக்கொண்டு மேலே எழும்பின. கூட்டில் குஞ்சு இருந்தது, நல்லபடியாக. தூரத்திலிருந்தே அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். வேறு சட்டை, வேறு மரம், மறுபடியும் மூன்று வருஷம். வழி நெடுகக் கொழுந்தனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆடியில் ஹரிபிரசாத் வீட்டுக்கு வந்தான். கொல்லையில் அந்தக் கோழி கொழுத்து மேய்ந்துகொண்டிருந்தது.

"இத்த எப்ப அண்ணி அடிக்கறது?"

காப்பியைத் தரையில் ணங்கென்று வைத்தாள்.

"முதல்ல உன்ன."