பண்ணைப் பெண்ணின் கடிதத்தை நான் மாற்றி வாசித்தது

நான் ஒரு கடிதத்தைப் பொய்யாக வாசித்தேன். என் மகள் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தேன்.

என் மருமகள் ஸ்கொட்லாந்துக்காரி. அவளுடைய முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர்கள். அந்த வீட்டு மூத்த பெண், கலியாணமாகிப் போன தங்கைக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் தகரத்தில் மருமகளிடம் வந்து சேர்ந்திருந்தன. அந்தக் காலத்து ஆங்கிலக் கூட்டெழுத்து அவளுக்கும் என் மகனுக்கும் பிடிபடவில்லை. யாழ்ப்பாணத்தில் கோடு போட்ட கொப்பியில் அதே எழுத்தை எழுதிப் பழகிய எனக்குப் பிடிபட்டது. ஞாயிறுகளில் அவர்கள் வெஸ்ட்லியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு கடிதம் வாசிப்பேன்.

மனைவி இறந்த பின் அந்த வீட்டில் மகளும் நானும்தான். அவள் தாதி. என் சமையலும் மருந்தும் அவள் கையில்தான்.

கடிதங்களில் பெரும்பாலும் வேலைதான். விடியமுன் பால் கறப்பது, வெண்ணெய் கடைவது, உழவுக்காரருக்கு ஓட்ஸ் கஞ்சி, தாயில்லாத வீட்டில் தகப்பனின் சட்டைகள்.

"அக்கா, உன்ரை கதை மாதிரியே கிடக்கு," என்று மகன் சீண்டுவான்.

"எனக்கு மாடு இல்லை. அதுக்குப் பதிலா அப்பா இருக்கிறார்," என்பாள் அவள். எல்லோரும் சிரிப்போம்.

ஒரு மார்கழியில், வெகு தொலைவிலுள்ள பேர்கன் நகர ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டுக்குப் பொறுப்பான தாதியாக அவளுக்கு வேலை கிடைத்தது. பதில் சொல்ல ஒரு கிழமை இருந்தது. அந்த ஞாயிறு என் கையில் இருந்த கடிதத்தில், வேறொரு பெரிய பண்ணையின் பால் வேலை முழுவதையும் நடத்த அந்தப் பெண்ணை அழைத்திருந்தார்கள். கேள்விப்பட்ட தகப்பன் படுத்துவிட்டார். மூன்று நாள் சாப்பிடவில்லை. அவள் மறுத்துவிட்டாள். 'கதவு திறந்துதான் கிடக்கிறது, என்னால் வெளியே போக முடியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

நான் தகப்பனைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். 'எனக்கு இந்த வீடே போதும், வேறெங்கும் மனம் வராது' என்று அவள் எழுதியதாக வாசித்தேன். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த மகள் நின்றாள். "உண்மையாவோ அப்பா? சந்தோசமாத்தான் இருந்தவளோ?"

"ஓம் பிள்ளை. அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு."

செவ்வாய்க்கிழமை அவள் பேர்கனுக்கு மறுப்பு எழுதிவிட்டாள்.

அதன் பிறகு அந்த மூன்று அறைகளுக்குள் எனக்கு மூச்சு முட்டியது. வேலையால் வந்து அவள் சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டால் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் தேநீரோடு வந்து தட்டுவாள். நான் விரும்பியபடியே அவள் என்னோடு இருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பனி கரையும் காலத்தில் எல்லாக் கடிதங்களையும் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதினேன். நான் மாற்றிய இடத்தில் சிவப்புக் கோடு போட்டு அவளிடம் கொடுத்தேன். குசினி மேசை முன் உட்கார்ந்து வாசித்து முடித்தாள்.

"இதை அண்டைக்கு வாசிச்சிருந்தா நான் போயிருப்பன், அப்பா."

"தெரியும் பிள்ளை. அதாலைதான் வாசிக்கேல்லை."

அவள் தாள்களை ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நான் நகரசபையில் வீட்டு உதவிக்கு விண்ணப்பித்தேன். இப்போது காலையில் ஒருவர் வந்து போகிறார். இலையுதிர்காலத்தில் பேர்கனில் மறுபடி ஓர் இடம் காலியானது. அந்த விளம்பரத்தை அச்செடுத்து அவள் முன் வைத்தேன்.

"நில் எண்டதும் நீங்கள், இப்ப போ எண்டுறதும் நீங்கள்," என்றாள். "என்னை ஒருக்கா என்ரை பாட்டிலை விடுங்கோவன்."

தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். விண்ணப்பித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.