மழை நாளுக்குக் கூலி கேட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை காத்தாயி அம்மாள் காய்ச்சலில் இறந்துபோனார். என் செங்கல் கிடங்குக்கு வந்து செய்தி சொன்னவர் அவருடைய தங்கை அஞ்சலை. "அக்கா பூட்ச்சி மொதலாளி. இன்னிக்கு யாரும் வேலைக்கு வரமாட்டோம்" என்றார்.

மாம்பலத்துப் புதுத் தெருக்களில் குடிவந்திருப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. உங்கள் சுவர்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த கூட்டத்தின் தலைவி அவர். உயிரோடிருந்தவரை அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வந்தவாசிப் பக்கம் விளைச்சல் பொய்த்த ஆண்டில் பதினைந்து பேரோடு நடந்தே பட்டணம் வந்தார். ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம். நானும் அப்போதுதான் தலைச்சுமை வியாபாரத்தை விட்டுக் கட்டிட வேலை எடுக்கத் தொடங்கியிருந்தேன். முதல் நாளே திடமான எட்டுப் பேரைப் பொறுக்கினேன். அவர் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கத்திரிக்கா கடையா வச்சிக்கீறோம், பொறுக்கி எடுக்க? எட்டு ஆள் கேட்டா எட்டு ஆள் வரும். யாருன்னு நாங்க பாத்துக்கிறோம்."

அதுதான் அவர்கள் வழக்கம். இன்று வேலைக்குப் போனவர் நாளை உட்காருவார். கிழவருக்கும் முறை உண்டு.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். 'பட்டணத்தில் தினம் ஆறணா' என்று வந்தவாசிச் சந்தையில் தமுக்கடிக்கச் செய்தேன். ஆள் பெருகினால் கூலி இறங்கும் என்பது என் எண்ணம். நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். அதோடு ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

புதியவர்களை விரட்டச் சொல்லிக் கூட்டத்தார் சண்டை போட்டார்கள். காத்தாயி அம்மாள் அவர்களையும் முறையில் சேர்த்தார். வாரத்துக்கு மூன்று நாள் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. ஆனாலும் ஆறணாவுக்குக் கீழே ஒருவரும் இறங்கவில்லை.

என்னிடம் நேரே வந்தார். "ஆறணான்னு தமுக்கடிச்சியே நைனா, வாரத்துக்கு எத்தினி ஆறணான்னு ஏன் சொல்லல? ஊர்ல ரெண்டணான்னாலும் கூடவே கூழு கீது. இங்க மழை பேஞ்சா மழைத்தண்ணிதான். மழை நாளுக்கு அரைக்கூலி குடு."

"குந்திக்கினு இருக்கிறதுக்கா கூலி? நான் இன்னா சத்திரமா நடத்தறேன்?"

"செங்கல் நனையும்னு கீத்து போட்டு மூடறியே, அது மட்டும் வேலையா செய்யுது?"

சிரித்து மழுப்பினேன். ஆண்டுதோறும் கேட்டார், ஆண்டுதோறும் மறுத்தேன்.

இந்த ஆண்டு இரண்டு வாரம் விடாத மழை. வெயில் எட்டிப்பார்த்த நாளில் அவருடைய முறை வந்தது. காய்ச்சலோடு கூடை எடுத்தார். பார்த்தேன், திருப்பி அனுப்பவில்லை. மாலையில் மறுபடி மழை. நான்காம் நாள் போய்விட்டார்.

அடையாற்றங்கரையில் அடக்கம் முடிந்து திரும்பினால், குடிசைகளில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஊருக்கா?" என்றேன்.

"இங்க யாரை நம்பிக் கீறது?" என்றார் அஞ்சலை.

காத்தாயி அம்மா, உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் தங்கையிடம் சொன்னேன். அமைதியாகப் போய்வாருங்கள். பேசி முடித்தது இது: வேலை நாளுக்கு ஆறணா, மழை நாளுக்கு மூன்றணா, கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும்.