மல்லனும் முதல் ஓலையும்

மாதா கோயிலில் மகளுடைய கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் மூன்று ஞாயிறு அறிவிப்பார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேமில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. துறைமுகத்தில், சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஆபீஸில் வேலை. பைல் நகராவிட்டால் நான் நகர்த்திவிடுவேன். ஆறு நாளாக அவள் பின்னாலேயே அலைந்தேன். சமையலறையில், மொட்டைமாடியில், குளியலறைக் கதவுக்கு வெளியே. "ஏளா, என்ன கோவம்?" என்று ஒரே நச்சரிப்பு. சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. விடிந்தால் இரண்டாவது ஓலை. வேறு வழி தெரியாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து இன்னொரு கன்ட்ரோலரை எடுத்தேன்.

சண்டை விளையாட்டு. இருந்ததிலேயே பெரிய ஆளைத் தேர்ந்தெடுத்தேன், தடித்த மல்யுத்தக்காரன் ஒருவனை. என் இடுப்பளவுக்கு அவன்தான் தோதுப்பட்டான். அவளுடைய ஆள் ஒல்லிக்குச்சி. எட்ட நின்று தீ உருண்டையாக வீசினாள். என் ஆளிடம் வீச ஒன்றுமில்லை. பிடித்துத் தூக்கிப் போட்டால் எதிராளிக்குப் பாதி உயிர் போகும், ஆனால் அதற்குப் பக்கத்தில் போக வேண்டும். ஓடினேன், அடி வாங்கினேன். தாவினேன், அதற்கும் அடி வாங்கினேன். ஆத்திரத்தில் எட்டாத தூரத்தில் நின்றே பிடிக்கிற பட்டனை அமுக்கினேன். அந்தத் தடியன் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நிமிர்வதற்குள் அவள் வந்து மொத்திவிட்டுப் போனாள். ஐந்து ஆட்டமும் இதே லட்சணம்.

ஆறாவது ஆட்டத்தில் அவளுக்கே பொறுக்கவில்லை.

"சும்மா சும்மா பிடிக்காதம்மா. தடுத்துக்கிட்டே மெதுவா நடந்து வா. நீ கிட்ட வந்துட்டா நான் பயந்து என்னமும் செய்வேன். அதுவரைக்கும் பேசாம நில்லு."

நின்றேன். வாயையும் சேர்த்து மூடிக்கொண்டு நின்றதுதான் பெரும்பாடு. ஓர் அடியைத் தடுத்து ஓரெட்டு, இன்னொன்றைத் தடுத்து இன்னோர் எட்டு. திரையின் மூலைக்கே அவளைக் கொண்டுபோய்விட்டேன். அவள் ஆள் அசையவில்லை.

"வேலைய விட்டுட்டு துபாய்க்கு வான்னு சொல்லுதான் மாப்பிள்ள," என்றாள், திரையைப் பார்த்தபடியே. "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்மா."

"இத முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"

"நீ எங்க கேட்ட? ஓலை எழுதுறதுக்கு முன்னால சாமி என்னயக் கேட்டப்பவும் எனக்கு முந்தி நீதான் 'சம்மதம் சாமி'ன்ன."

உண்மைதான். நல்ல இடம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நானே முந்திக்கொண்டேன். கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு, போட்டிருந்த நைட்டியை மாற்றிக்கொண்டு அவளோடு சாமியார் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஓலையை நிறுத்த வேண்டும் என்றதும் சாமியார், "என்னம்மா காரணம்?" என்று என்னைத்தான் கேட்டார். பழக்கதோஷம், வாயைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன்.

"அவளக் கேளுங்க சாமி."